தேரி நடத்திப் பார்த்த சம்பந்தம்

தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்கள் முடிந்து, இனிமேல் பார்க்க ஒன்றுமில்லை என்று பஸ்ஸில் வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொள்கிற இடத்தில் தேரி ஆரம்பிக்கிறது. மிளகாய்ப்பொடியைக் கொட்டிப் பரப்பியது போன்ற சிவப்பு மணல், மேலே வெயில், நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக முந்திரியும் உடைமரமும், காற்று வீசினால் நேற்று இங்கே இருந்த மேடு இன்று அங்கே போய் உட்கார்ந்திருக்கும். அந்தத் தேரியில் ஒரு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மனிதர்களின் கால்கள் அவரவர் மனசில் இருந்த கனத்துக்கு ஏற்றபடி புதையத் தொடங்கின. யாரும் ஆச்சரியப்படவில்லை. மணல் என்றால் கால் புதையத்தானே செய்யும் என்றார்கள்.

முதலில் புதைந்தவர்கள் விடிவெள்ளி நடைப்பயிற்சிக் குழுக்காரர்கள். சர்க்கரை, பிரஷர், ரிட்டயர்மெண்ட் என்று ஏதோ ஒரு காரணத்தால் டாக்டரோ பெண்டாட்டியோ வீட்டைவிட்டு விரட்டிய ஆட்கள். பீச் ரோட்டில் நடந்து அலுத்து, பூங்காவைச் சுற்றிச் சுற்றித் தலைசுற்றி, கடைசியில் வேலை மெனக்கெட்டு பஸ் பிடித்துப் போய், தேரியின் மேற்கு விளிம்பில் இறங்கி, நடுவிலே இருக்கிற அய்யனார் கோயில் சுனையில் தண்ணீர் குடித்து, வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் கிழக்கே கடலைப் பார்த்துவிடுவது என்று ஞாயிறுதோறும் நடந்தார்கள். அதற்கு ட்ரெக்கிங் என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். அப்படி நடக்கும்போதுதான் பாத்திரக்கடை சண்முகவேல், ஊதினால் பறந்துபோகிற ஆள், கணுக்கால் வரை புதைந்து ஒவ்வொரு காலாகப் பிடுங்கிக்கொண்டு வர, அவருக்கு முன்னால் உருண்டு திரண்ட மிட்டாய்க்கடை முதலாளி மணலில் பட்டும் படாமலும் போய்க்கொண்டிருந்தார். எல்லோரும் பார்த்தார்கள். தங்கபுஷ்பம் மட்டும்தான் கவனித்தாள்.

தங்கபுஷ்பம் கவனிப்பதற்கென்றே பிறந்தவள். கணவர் சுயம்புலிங்கம் துறைமுக ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், அதிர்ந்து பேசாதவர், அவருக்குச் சர்க்கரை என்பதால் துணைக்கு நடக்க வந்தவள் இவள். ஆனால் ஊருக்கு அவளை வேறு ஒரு விஷயத்துக்காகத் தெரியும். அக்கம்பக்கத்துத் தெருக்களில் ஒரு பெண்ணுக்கோ பையனுக்கோ வரன் வந்தால், வந்தவர்கள் ஜாதகம் பார்த்த கையோடு அவளிடம்தான் வருவார்கள், எப்படிப்பட்ட குடும்பம், பையன் குடிப்பானா, பெண் வாய்த்துடுக்கா என்று கேட்பார்கள், அவளும் காபியை ஆற்றிக் கொடுத்தபடி, "நான் சொன்னேன்னு வெளிய சொல்லிராதிய" என்று ஆரம்பிப்பாள், அதற்குப் பிறகு அவள் சொல்வதை யாரும் சந்தேகப்பட்டதில்லை. விசாரிப்புக்கென்று ஒரு முறை இருக்கிறது. எதிர் வீட்டில் கேட்கலாம், பால்காரரிடம் கேட்கலாம், முடிவெட்டுகிற கடையில் கேட்கலாம், சம்பந்தப்பட்ட ஆளிடம் மட்டும் கேட்கக்கூடாது. கேட்டால் அவர்கள் பொய்தானே சொல்வார்கள்.

அவள் சண்முகவேலின் காலைப் பார்த்தாள், வீட்டுக்கு வந்து இரண்டு வீட்டில் வாயைக் கிண்டினாள், தம்பிக்குத் தெரியாமல் பூர்வீக மனையை அவர் விற்றிருந்த கதை வெளியே வந்தது. அடுத்த ஞாயிறு இன்னொருவர் புதைந்தார், அவர் வீட்டிலிருந்தும் ஒரு கதை வந்தது. அவ்வளவுதான், ஊர் பிடித்துக்கொண்டது. புதைகிறவன் கள்ளன், மிதக்கிறவன் நல்லவன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள், நம்பாவிட்டால் போகட்டும். ஜோசியர்கள் பத்துப் பொருத்தத்தோடு பதினோராவதாகத் தேரிப் பொருத்தத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். ஜவுளிக்கடைக்காரர்கள் கல்லாவில் உட்கார வைக்கும் முன்னால் புது ஆளைக் கூட்டிவந்து நடத்திப் பார்த்தார்கள், மாமியார்கள் மருமகளையும் மருமகள்கள் மாமியாரையும் அய்யனாருக்கு வேண்டுதல் என்று பொய் சொல்லிக் கூட்டிவந்தார்கள், கட்சிக்காரர்கள் திருச்செந்தூருக்குப் போவதானால்கூடத் தேரிப் பக்கத்து ரோட்டை விட்டுச் சுற்றிக்கொண்டு போனார்கள். அகலமான பலகைச் செருப்பு செய்து வாடகைக்கு விட்ட ஒரு புத்திசாலி, பலகையோடு சேர்த்து ஆட்கள் புதைந்ததால் நஷ்டப்பட்டு நுங்கு விற்கப் போனான். வக்கீல்கள் மட்டும் இதெல்லாம் சாட்சியாகாது என்று சொன்னார்கள். ஆனால் ஒருத்தரும் நடந்து பார்க்கவில்லை.

தங்கபுஷ்பத்துக்கு ஏக மவுசு. தேரி விளிம்பில் மடக்கு நாற்காலி போட்டுக் குடைபிடித்து உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் பார்த்துச் சொன்ன மாப்பிள்ளைகளும் பெண்களும் எத்தனையோ பேர். பையன் மட்டும் நடந்தால் போதாது, பெற்றவர்களும் நடக்கவேண்டும், வம்சத்துக் கள்ளம் காலில் தெரியும் என்று சட்டம் போட்டவளும் அவள்தான். அவளுடைய காலோ, மணலில் அடையாளமே விழாது. கோழி நடந்தால்கூட அதைவிட ஆழமாகப் பதியும். "மனசுல ஒண்ணுமில்லாத பொம்பள" என்று ஊர் சொன்னது, அவளும் ரொம்பக் கூச்சப்படாமல் கேட்டுக்கொண்டாள்.

ஆனால் சுயம்புலிங்கம் புதைந்தார்.

முதல் மாதம் விரல் மட்டும். சர்க்கரைக் கால் அப்படித்தான் என்று அவளே நாலு பேரிடம் சொன்னாள். பங்குனியில் கணுக்கால், சித்திரையில் கெண்டைக்கால். குழுக்காரர்கள் அவரோடு பேசிக்கொண்டு நடந்தாலும் கண் மட்டும் கீழேயே இருந்தது. தங்கபுஷ்பத்துக்கு ராத்தூக்கம் போயிற்று. அவள் அவரிடம் கேட்கவில்லை, முறைப்படி விசாரித்தாள். அவருடைய பழைய ஆபீஸ் வாசலில் இருந்த டீக்கடையில் கேட்டாள், சட்டை காலரை மோந்து பார்த்தாள், போனை எடுத்து மாடிப்படியில் நின்று அவர் குசுகுசுவென்று பேசும்போது மிளகாய் காயப்போடுகிற சாக்கில் மாடிக்குப் போனாள். "நல்ல இடமாப் பாருங்க, வயசு பாக்காதிய" என்று அவர் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. எந்த இடம், யாருக்கு வயசு?

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கையில் துணிப்பையோடு கிளம்பியவரின் பின்னாலேயே முக்காடு போட்டுக்கொண்டு போனாள். அவர் மூன்று தெரு தள்ளி, லிங்கேஸ்வரியின் தையல் கடைக்குள் நுழைந்தார்.

லிங்கேஸ்வரியை அவளுக்குத் தெரியாதா என்ன. ராஜாமணி அண்ணாச்சி மகள். அவரும் இவரோடு துறைமுகத்தில் இருந்தவர்தான், போய்ச்சேர்ந்துவிட்டார். மகள் இந்துஜா வயிற்றில் இருந்த காலத்தில் கோவில்பட்டியிலிருந்து அந்தப் பெண்ணுக்கு வரன் வந்தது, வந்தவர்கள் தங்கபுஷ்பத்திடம் விசாரித்தார்கள், "பிள்ளை தங்கம்தான், ஆனா செவ்வாய்க்கிழமைதோறும் மனநல டாக்டர்கிட்ட போயிட்டு வருது, நான் சொன்னேன்னு சொல்லிராதிய" என்று அவள் சொன்னாள், அவர்கள் வந்த வழியே போய்விட்டார்கள். கண்ணால் கண்டதைத்தானே சொன்னாள், அதில் ஒரு தப்பும் இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு ஒரு வரனும் தகையவில்லை, அது அவள் ஜாதகம். இப்போது நரை விழுந்து தனியாக இருக்கிறாள். தனியாக இருக்கிற வீட்டுக்குள் தன் புருஷன் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு, பழகிய வீடு மாதிரி போவதை, எதிர்ப்பக்கத்து மளிகைக்கடையில் உப்பு வாங்குகிற மாதிரி நின்று அவள் பார்த்தாள். அவர் சிரிக்கிற சத்தம்கூடக் கேட்டது. வீட்டில் சிரித்து எத்தனை நாளாயிற்று.

அன்றைக்கே உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். ஆனால் மறுநாள் பெண் பார்க்கச் சாத்தூர்க்காரர்கள் வருகிறார்கள். இந்துஜா சென்னையில் வேலை பார்க்கிற இடத்தில் கூடவே வேலை பார்க்கிற பையன். சின்னஞ்சிறுசுகள் இரண்டும் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டன, பெரியவர்களுக்குத்தான் பார்த்து முடிக்கவேண்டியிருந்தது. இவனைவிட்டால் வேறு ஒருத்தனுக்குக் கழுத்தை நீட்டமாட்டேன் என்று மகள் போனில் அழுதிருந்தாள். பையனின் அம்மா வடிவம்மாள் எல்லாம் திருப்தி என்று சொல்லிவிட்டு, கடைசியில் ஒன்று சொன்னாள்: "உங்க ஊரு வழக்கப்படி தேரியும் நடந்துருவோம் மைனி. பெத்தவிய சேந்து நடக்கணும்னு நீங்கதான் சொல்லியிருக்கியளாம்."

மாப்பிள்ளை வீட்டார் நடப்பது பார்ப்பதற்கு, பெண் வீட்டார் நடப்பது பார்க்கப்படுவதற்கு. வடிவம்மாள் பட்டுச்சேலையைச் சற்றே தூக்கிக்கொண்டு காற்றில் போகிற பஞ்சு மாதிரி போனாள். அவள் கணவர் தர்மர் பின்னால் கெண்டைக்கால் வரை புதைந்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்ததை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. பையனும் இந்துஜாவும் எப்போதோ முன்னால் போய்விட்டார்கள், அவர்கள் புதைந்தாலும் அது இரண்டுபேருக்கும் தெரிந்த விஷயமாகத்தான் இருக்கும். சுயம்புலிங்கம் முதல் எட்டிலேயே கணுக்கால் வரை போனார். முந்திரிமரங்கள் வருவதற்குள் முழங்கால். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி வைத்து, பிறகு மற்றக் காலைத் தூக்கி வைத்து, அவர் வருகிற வழியெல்லாம் உழுதுபோட்டது போல் கிடந்தது.

"அண்ணன் என்ன மைனி இப்படிப் போறாவ?"

"சுகர் மைனி. கால் மரத்துப்போயிரும்."

"எங்க வீட்டுலயும் சுகர்தான். சுகருக்கு இம்புட்டா?"

அய்யனார் கோயில் மேட்டில் ஏறும்போது அவர் தொடைவரை போய், அதற்குமேல் எடுத்துவைக்க முடியாமல் நின்றுவிட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கோயிலுக்கு வந்தவர்கள் சிலர் சுனையைவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்கள். வடிவம்மாள் குரலில் மைனி முறை போய்விட்டது.

"பொண்ணு குடுத்து எடுக்கிற எடம். ஒளிவுமறைவு இல்லாமச் சொல்லிருங்க. என்னதான் மறைக்காரு இவரு?"

தங்கபுஷ்பத்துக்கு மகளின் அழுகுரல் ஞாபகம் வந்தது, தையல் கடைக்குள்ளிருந்து கேட்ட சிரிப்பு ஞாபகம் வந்தது. அவள் மணலில் குந்தினாள். குந்தியதும் அவள் முகமும் புதைந்து நின்ற அவர் முகமும் நேருக்கு நேராக இருந்தன. ஆயுசிலேயே முதல்முறையாக அவள் சம்பந்தப்பட்ட ஆளிடமே கேட்டாள்.

"அந்தத் தையக்காரி வீட்டுல உங்களுக்கு என்ன வேல? நேத்து நான் பாத்தேன். அவ யாரு உங்களுக்கு?"

சுயம்புலிங்கம் அவள் காலைப் பார்த்தார். அது மணலில் பட்டும் படாமலும் இருந்தது.

"வேணாம் புஷ்பம். நீ அவியளக் கூட்டிக்கிட்டு முன்னால போ. நான் மெதுவா வந்துருதேன்."

"எம் பொண்ணு வாழ்க்கை போகுது. சொல்லுங்க."

"சொன்னா தாங்கமாட்ட."

"தாங்காம என்ன. நான் என்னத்த மறைச்சேன், தாங்காம இருக்க?"

அவர் சொன்னார். சத்தம் போடாமல், பேப்பரில் இருப்பதை வாசிப்பது போலச் சொன்னார்.

"லிங்கேஸ்வரிக்கு எந்த வியாதியும் கிடையாது. அந்த டாக்டரு திருநெல்வேலியிலேருந்து செவ்வாய்க்கிழமை மட்டும் வருவாரு. வாரவியளுக்கு டோக்கன் போட்டுக் குடுக்க ஆளு கேட்டாரு. அண்ணாச்சி மகள அனுப்புனாரு. பொம்பளப் பிள்ளைய வேலைக்கு அனுப்புதான்னு சொந்தக்காரங்க பேசுவாவன்னு வெளிய சொல்லல. நீ பாத்தது அதத்தான்."

தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள்.

"இரு, கேட்டுட்டயில்ல. நீ சொல்லித்தான் வரன் போச்சுன்னு அண்ணாச்சி என்கிட்ட வந்து சொன்னாரு. உங்க வீட்டுல கேக்காதிய, பிள்ளத்தாச்சி, மனசு ஒடிஞ்சிரும்னாரு. பிள்ளை பெறட்டும்னு இருந்தேன், பெறகு பால் குடிக்கட்டும்னு இருந்தேன். அப்புறம் சொல்லவே முடியல. நானும் அன்னைக்கிலேருந்து அவளுக்கு வரன் தேடுதேன் புஷ்பம். தரகர் கால்ல விழாத குறை. எந்த ஊருக்குப் போனாலும் எனக்கு முன்னால நீ சொன்னது போயி நிக்கி. இப்ப அவளே, விட்டுருங்க சித்தப்பா, சும்மா வந்து காபி குடிச்சிட்டுப் போங்கன்னு சிரிக்கா. நான் போயி குடிச்சிட்டு வாரேன்."

சொல்லி முடித்ததும் மணல் அவரை விட்டது. கிணற்றிலிருந்து வாளி ஏறிவருகிற மாதிரி அவர் மெல்ல மேலே வந்தார், தொடை, முழங்கால், பாதம், பிறகு மணலுக்கு மேலே நின்றார். அவர் ஏற ஏறத் தங்கபுஷ்பம் இறங்கினாள். குந்தியிருந்தவள் பதறி எழுந்து நின்றாள், அப்படியும் முழங்கால் வரை உள்ளே போயிருந்தது. சூடு. மேலே கொதித்த மணல் உள்ளே அதைவிடக் கொதித்தது, இந்தச் சூட்டிலா இந்த மனுஷன் இத்தனை காலம் நின்றார் என்று நினைத்தாள், அந்த நினைப்பு இன்னும் ஒரு சாண் கீழே இழுத்தது. மிதந்துபோனவர்கள் என்று அவள் கைகாட்டிவிட்ட மாப்பிள்ளைகளும் பெண்களும் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களுடைய கனத்தை யார் சுமந்துகொண்டு பின்னால் வந்தார்களோ, அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததே கிடையாது.

வடிவம்மாளும் எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டது காதோடு நின்றுவிட்டது, அதனால் அவள் புதையவில்லை. "யோசிச்சுச் சொல்லுதோம்" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று தங்கபுஷ்பத்தைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த மாவட்டத்திலேயே இல்லை. தர்மர் மட்டும் போகிறபோது அவளைப் பார்த்து, கூடவே சுமை தூக்குகிற ஆளைப் பார்ப்பதுபோலத் தலையை அசைத்துவிட்டுப் போனார்.

"நீங்களாவது நில்லுங்க" என்றாள் புருஷனிடம். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்காக நின்று நின்று பழகிய மனிதர், நிற்கத்தான் பார்த்தார். ஆனால் கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு எட்டு வைத்தார், அது மூன்று எட்டு தூரம் போயிற்று, இன்னொன்று வைத்தார், முகத்தில் பயமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன, கடற்காற்று வேட்டியைப் பிடித்துத் தள்ள, மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. அவர்மேல் குற்றம் சொல்ல அவளுக்கு வாயில்லை.

கடலுக்குப் போகிற வழி பாக்கியிருந்தது. அவள் ஊரைப் பார்த்துத் திரும்பினாள். தொடைவரை போன காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி வைத்து, மற்றக் காலைத் தூக்கி வைத்து, வந்தவர்கள் எல்லாம் பார்க்க, அந்தத் தங்கபுஷ்பமா இது என்று பேசிக்கொள்ள, அவள் நடந்தாள். அழுதாள், அழுதுகொண்டே நடந்தாள். தேரி முடிந்து தார்ரோடு வந்ததும் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தாள். தாரிலும் கணுக்கால் வரை இறங்கிற்று. ஏறின பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடியது, கண்டக்டர் டயரைத் திட்டினான். ஊருக்குள் இறங்கி அவள் புதைந்து புதைந்து போனதைப் பார்த்த ஜனங்கள், பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடின ரோடு, அப்படித்தான் இருக்கும் என்று ஒதுங்கி நடந்தார்கள்.

தையல் கடை வாசலில் போய் நின்றாள். லிங்கேஸ்வரி மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். முதலில் முகத்தைப் பார்த்தாள், பிறகு படிக்கட்டின் சிமெண்டுக்குள் பாதி போயிருந்த காலைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உள்ள வரட்டுமா?" என்றாள் தங்கபுஷ்பம்.

லிங்கேஸ்வரி கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, சாவகாசமாகச் சொன்னாள்.

"எதுத்த வீட்டுல விசாரிச்சுட்டு வாங்க சித்தி. நான் எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறமா வரலாம்."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கிற்று. தங்கபுஷ்பம் திரும்பினாள். கேலியாகச் சொன்னாளோ, மெய்யாகச் சொன்னாளோ, சொன்னதைச் செய்வதைத் தவிர அவளுக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. ரோட்டில் ஒவ்வொரு காலாகப் பிடுங்கி எதிர்ச்சாரிக்குப் போனாள். அங்கே வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த, புதிதாகக் குடிவந்த பெண், யார் என்ன என்று தெரியாத சந்தேகத்தோடு அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அந்தத் தையக் கடைப் பொண்ணு," தங்கபுஷ்பம் பாதியில் நிறுத்தித் திரும்பவும் ஆரம்பித்தாள், "லிங்கேஸ்வரி, அது எப்படிப்பட்ட பொண்ணும்மா?"

"அதுவா? தங்கமான பொண்ணு. எம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டப்ப ராத்திரி பூரா முழிச்சுக் கெடந்துச்சு. ஒரு சொல்லு சொல்ல முடியாது" என்ற அந்தப் பெண், கீரையை மடியிலேயே போட்டுவிட்டு, முகமெல்லாம் மலர்ந்து, அவள் பக்கமாகக் குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எதுக்குக் கேக்கிய? வரன் எதுவும் வந்திருக்கா?"